வாசிகசாலை முற்றத்தில் எந்தப் படத்தைப் போடுவது?

எங்கள் வாசிகசாலைக்கு ஒரு புறொஜெக்டர் வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பெடியள் காசு சேர்த்து வாங்கி அனுப்பியது. ஸ்பீக்கர் பெட்டிகளைக் கோயிலில் இரவல் கேட்கலாம். வெள்ளைத் துணி தைத்துத் தரத் தையல்கார அக்கா ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் விடுமுறையில் முதல் படம் என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவான பிறகுதான் சண்டை தொடங்கியது: எந்தப் படம்? ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். கடைசியில், ஊரில் ஆகக் கூடப் படம் பார்க்கிற ஆள் என்ற ஒரே தகுதியில், பட்டியலைச் சுருக்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

யார் வருவார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். முன்னால் பாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் வீட்டிலிருந்து கதிரை கொண்டுவருகிற அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும். ஓரத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இளந்தாரிகள். பிடித்தால் நிற்பார்கள், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் என்ஜின் சத்தம் கேட்கும். இவர்களுக்கு நடுவில் 2009 இல் பிள்ளையையோ புருஷனையோ தொலைத்தவர்கள், கால் இழந்தவர்கள், போராளிகளாக இருந்து புனர்வாழ்வு முடிந்து வந்து இப்போது மேசன் வேலையோ வயலோ செய்கிறவர்கள். வன்னியில் எந்தக் கூட்டத்தைக் கூட்டினாலும் இவர்கள் இருப்பார்கள். எனக்குப் பிடித்த படம் எது என்ற கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் உண்டு. இவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது எதைப் பார்க்கலாம் என்பது வேறு கணக்கு.

படம் பார்ப்பது இந்தச் சனத்துக்குப் புதிதில்லை. கரண்ட் இல்லாத காலத்திலும் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் மூன்று நாலு படம் பார்த்து முடித்தவர்கள். அதற்கு முன்பிருந்தே கூத்து இருந்தது. கோவலன் கூத்தில் கோவலன் சாகப்போகிறான் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை இருந்து பார்த்து, வெட்டுப்படும் கட்டத்தில் அழுதுவிட்டு எழும்பிப் போவார்கள். அதனால், "ஸ்லோவான படம் எங்கட ஆக்களுக்குச் சரிவராது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மெதுவாகப் போகிற படத்தை எங்கள் சனம் பொறுக்கும். காதில் விழாத படத்தைத்தான் பொறுக்காது.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பாதித் தெரிவை இதுவே தீர்மானிக்கிறது. திறந்த வெளியில் கோயில் ஸ்பீக்கரில் வசனம் குழைந்துபோகும். நாய் குரைக்கும், பக்கத்து வீதியால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும். அடிக்குரலில் பேசிக்கொண்டே போகிற படங்கள் இங்கே தோற்கும். முகத்தாலும் கையாலும் கதை சொல்கிற படங்கள் நிற்கும். எழுத்து ஓடுகிற படமென்றால் பத்தாவது வரிசைக்கு அப்பால் ஒருவருக்கும் தெரியாது, வயசானவர்களுக்கு எந்த வரிசையிலும் தெரியாது. இன்னொன்று, நாள். போயா விடுமுறையில் போடலாம் என்கிறார்கள். அன்று சாராயக் கடை பூட்டு, அது பெரிய வசதி. ஆனால் அன்று முழுநிலா. சின்னப் புறொஜெக்டருக்கு நிலா வெளிச்சம் ஆகாது, இருட்டுக் காட்சியெல்லாம் வெளிறிப்போகும். வேம்புக்குக் கீழே துணியைக் கட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

இனிப் படங்கள்.

கூட்டத்தில் முதலில் வந்த பெயர் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. காரணம் ஒன்றே ஒன்று: அதில் எங்கள் வன்னியின் மாங்குளம் வருகிறது. மணிரத்னம் எடுத்த அந்தப் படம் 2002 பெப்ரவரி 14 இல் வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, 22 ஆம் திகதி, போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த வருடமே வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதையும் திறந்தது. அந்தக் காலத்தை நினைத்தால் படத்தின் மேல் ஒரு பாசம் வருகிறது, எனக்கும்தான். தன்னைப் பெற்ற தாயைத் தேடி ஒன்பது வயதுப் பிள்ளை கடல் கடந்து வருகிறாள். அமுதாவாக நடித்த கீர்த்தனாவின் முகத்தை மறக்க ஏலாது. ஏ. ஆர். ரஹ்மானின் இசை பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சிம்ரன் செய்தவற்றுள் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கு அந்தப் படத்து மாங்குளத்தைக் காட்டினால் முதலில் சிரிப்பு வரும். மரம் வேறு, மண் வேறு, வெளிச்சம் வேறு. படப்பிடிப்பு நடந்தது இந்தியாவில். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வன்னிக்குள் வந்து எப்படி எடுப்பது? என் தயக்கம் வேறு. சனம் இடம்பெயர்கிற காட்சியும் குண்டுச் சத்தமும் பெரிய ஸ்பீக்கரில், இரவில், திறந்த வெளியில் வரும். சென்னைத் தியேட்டரில் அது செய்தி. எங்கள் முற்றத்தில் அதைக் கேட்டு உடம்பு நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வளவுப் பெரியம்மா எந்தப் படம் என்றாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "உதில ஷெல்லடி இருக்கோ மோனை? இருந்தா முதலே சொல்லிப்போடு, நான் வீட்டிலேயே இருந்திடுவன்." அவர் வீட்டில் இருக்க வேண்டி வருகிற படத்தை முதல் படமாகப் போட எனக்கு மனமில்லை.

'தீபன்' என்று ஒருவர் சொன்னார். 2015 இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய பிரெஞ்சுப் படம், நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி, பேசுவது தமிழ். பெருமைப்பட எல்லாம் இருக்கிறது. தொடக்கத்திலேயே சிதை எரிகிறது, போராளி தன் சீருடையைக் கழற்றுகிறான். பிறகு ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் ஒரு குடும்பமாக நடித்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போகிறார்கள். பெரியவர்கள் பார்த்துப் பேச வேண்டிய படம். முன்வரிசைப் பாயில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது. அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) நிலைமையும் அதுதான். தர்ஷன் தர்மராஜ் நடித்த அந்த முன்னாள் போராளி ஊருக்குத் திரும்பி வரும்போது ஊர் அவனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையை நேரில் வாங்கியவர்கள் எங்கள் முற்றத்தில் ஆறேழு பேர் இருப்பார்கள். அவர்களைச் சுற்றி ஊரே இருந்து அந்தப் படத்தைப் பார்ப்பது என்ன மாதிரி இருக்கும்? தலையைத் திருப்பி அவர்களைப் பார்க்காமல் இருக்க ஊருக்குத் தெரியுமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இந்த வரிசையில் கூட்டத்தில் ஒருவரும் சொல்லாத படம் ஒன்றை நான் சேர்க்கிறேன். பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர', 1997. கண் தெரியாத ஒரு கிழவர், வன்னிஹாமி. படைக்குப் போன மகன் சீல் வைத்த பெட்டியில் வருகிறான். அடக்கம் நடக்கிறது. இழப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வைத்தால் பணம் வரும். பாதியில் நிற்கிற வீட்டைக் கட்டி முடிக்கலாம், கடன் அடைக்கலாம். எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். கிழவர் மறுக்கிறார். மகன் செத்தான் என்று அவர் நம்பவில்லை. கடைசியில் மண்வெட்டியோடு போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருப்பது வாழைக் குற்றியும் கல்லும். ஜோ அபேவிக்கிரம அந்தக் கிழவராக நடித்திருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை, அவர் அந்தக் கிழவர். 2000 இல் அரசாங்கம் இந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே அது இலங்கைத் தியேட்டருக்கு வந்தது.

நான் பார்த்த இலங்கைப் படங்களில் இதற்கு மேல் ஒன்றை வைக்க மாட்டேன். எதிர்ப்பக்கத்துப் படைவீரனின் தகப்பன் என்று தெரிந்துகொண்டே பார்க்கிறோம், ஆனாலும் பாதிப் படத்தில் அந்த நினைப்பு எங்கேயோ போய்விடுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் குந்திய தாய்மார், மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றுதான் இன்றுவரை கேட்கிறார்கள். கையெழுத்து வைக்க மறுக்கிற அந்தக் கிழவரை அவர்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வசனமும் குறைவு. சிங்களத்தில் இருந்தாலும் பக்கத்தில் இருந்து ஒருவர் சொன்னால் விளங்கிவிடும். அப்படியானால் இதைப் போடலாமே என்று கேட்பீர்கள். புதைகுழி தோண்டும் காட்சி இருக்கிறது. பெட்டிக்குள் உடல் இல்லை, அதாவது மகன் உயிரோடு இருக்கலாம் என்ற எண்ணத்தைப் படம் அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. அதை ஒரு தாய் இரவு வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியே வைத்திருக்க வேண்டும். அதை அவருக்காக நான் தீர்மானிக்க முடியாது. இந்தப் படம் பகலில், உள்ளே, கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும். முதலில் அந்த அம்மாமாரில் இரண்டு பேர் பார்க்கட்டும். அவர்கள் சொல்கிறபடி நடப்போம்.

நிர்வாகத்தில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "எங்கட கதையை நாங்கள் பார்க்காமல் வேற ஆர் பார்க்கிறது?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கதையில் இருந்தவர்கள் அதை மறந்து போகவில்லையே, நினைவுபடுத்துவதற்கு. மறந்தவர்களும் தெரியாதவர்களும் கொழும்பிலும் சென்னையிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறார்கள். அங்கே போடட்டும், வேண்டிய அளவு. எங்களுக்கு வேண்டியது, முடிந்த பிறகு சனம் உடனே எழும்பிப் போகாமல் பத்து நிமிடம் நின்று கதைத்துவிட்டுப் போகிற படம்.

அப்படிப் பார்த்தால் முன்னுக்கு வருபவை மூன்று.

'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்', மஜீத் மஜீதியின் ஈரானியப் படம், 1997. தங்கச்சியின் சப்பாத்தைத் தைக்கக் கொண்டுபோன அண்ணன் அதைத் தொலைத்துவிடுகிறான். அப்பாவிடம் புதுசு வாங்கக் காசில்லை என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. ஒரு சோடிச் சப்பாத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் போடுகிறார்கள். காலையில் அவள், மத்தியானம் அவன். அவள் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து கழற்றிக் கொடுக்க, அவன் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து என்று அறிந்து, எப்படியாவது மூன்றாவதாக வரவேண்டும் என்று ஓடுகிறான். முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் தூக்கிக் கொண்டாட, அவன் அழுகிறான். ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. சப்பாத்து வவுச்சர் எப்போது தருவார்கள் என்று கேட்டுக்கொண்டு அலைகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் விளங்காத இடம் ஒன்றும் இல்லை. பாரசீக மொழிதான் தடை. மைக்கைப் பிடித்துக்கொண்டு வசனத்தைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். எங்கள் ஆங்கில ரீச்சர் செய்வார், ஆனால் முதல் இரவிலேயே அந்தப் பாரத்தை அவர் தலையில் வைக்கக்கூடாது. இதைப் பள்ளிக்கூட வகுப்பறையில் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் இன்னும் அழகாக இருக்கும்.

'காக்கா முட்டை'. ம. மணிகண்டனின் முதல் முழுநீளப் படம், 2015 இல் தியேட்டருக்கு வந்தது. சென்னைச் சேரியில் இரண்டு சகோதரர்கள். கோழி முட்டை வாங்க வழியில்லை, காகத்தின் முட்டையைக் குடிக்கிறார்கள், பட்டப் பெயரும் அதுவே. அவர்கள் விளையாடிய இடத்தை எடுத்து, மரத்தையும் தறித்து, ஒரு பீட்சாக் கடை வருகிறது. ரீவியில் விளம்பரம் பார்த்து ஆசை வருகிறது. தண்டவாளத்தில் கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்த பிறகும் உள்ளே விடவில்லை. கடை வாசலில் மூத்தவன் அடி வாங்குகிறான். அந்தக் கன்னத்து அறைக்கு அப்புறம் அவன் முகத்தில் வருவதைப் பார்க்க வேண்டும். அதில் கோபமில்லை, வெட்கம்தான் இருக்கிறது. நிவாரண வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்த வெட்கம் தெரியும்.

ஆனால் படம் சிரிக்க வைக்கிறது, அதுதான் அதன் கெட்டித்தனம். பேரன்மாரின் ஆசைக்காக ஆச்சி தோசை மாவை ஊற்றி, மேலே காய்கறியை அடுக்கி, வீட்டிலேயே பீட்சா செய்கிற காட்சியில் முற்றம் முழுக்கச் சிரிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். சிறையில் இருக்கிற புருஷனை வெளியில் எடுக்க அலைகிற தாயாக ஐஸ்வர்யா ராஜேஷ். நுண்கடன்காரர் படலையைத் தட்டுகிற வீடுகளில் அந்தத் தாயைப் பற்றி அடுத்த நாள் பேச்சு நடக்கும். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தேசிய விருது கிடைத்தது, படத்துக்குச் சிறந்த சிறுவர் படத்துக்கான விருதும். கிளிநொச்சி டவுனில் பீட்சா சாப்பிட்ட பிள்ளையும் இருக்கும், சாப்பிடாத பிள்ளையும் இருக்கும். இரண்டும் ஒரே பாயில். கடைசியில் பீட்சாவைக் கடித்துவிட்டு ஆச்சி சுட்ட தோசையை நினைக்கிற அந்த முடிவு இரண்டு பிள்ளைக்கும் வேலை செய்யும். சென்னைப் பேச்சு அம்மம்மாமாருக்கு விளங்குமா என்று ஒருவர் கேட்டார். வருஷக்கணக்காகத் தமிழ்நாட்டுப் படம் பார்த்த அம்மம்மாமாருக்கு எங்களைவிட நன்றாக விளங்கும்.

மூன்றாவது, அதே மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி'. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். குலதெய்வத்துக்குத் திருவிழா எடுக்க வேண்டும், அதற்குப் புது நெல் வேண்டும். ஊரில் எல்லோரும் காணியை விற்றுவிட்டார்கள் அல்லது தரிசாக விட்டுவிட்டார்கள். இன்னும் வயல் செய்கிற ஒரே ஆள் மாயாண்டி என்ற கிழவர். அவர் விதைக்கிறார். வயலில் மயில்கள் செத்துக் கிடக்கின்றன, மரியாதையாகக் குழி வெட்டிப் புதைக்கிறார். மயிலைக் கொன்றதாக அவர் மேல் வழக்கு வருகிறது, பயிர் தண்ணியில்லாமல் நிற்கிறது. பயிர் காய்கிறதே என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு கவலை இல்லை. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி உண்மையான கிராமத்து விவசாயி. படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை, முன்னமே இறந்துவிட்டார். விஜய் சேதுபதி இருக்கிறார், யோகி பாபு யானையோடு வருகிறார், ஆனால் கிழவர் நிற்கிற காட்சியில் வேறொருவரையும் கண் பார்க்காது.

படம் வந்தது 2022 பெப்ரவரியில். அந்த நேரம் வன்னி வயல் எப்படிக் கிடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். அந்தக் காலபோகத்தில், அதாவது மாரி நெல்லில், மஞ்சளாய் நின்ற பயிரைப் பார்த்தவர்களுக்கு, நிலத்தோடும் விதையோடும் பேசுகிற இந்தக் கிழவரைப் பார்க்க என்ன தோன்றும்? எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை போனில் பார்த்துவிட்டு, "மயிலுக்காக வழக்கோ! எங்கட வயலுக்கை வாற மயிலைப் பார்த்தா அந்தக் கிழவரே பொல்லெடுத்திருப்பார்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அரை மணித்தியாலம் விதைநெல் பற்றிக் கதைத்தார். இப்படி ஒரு கதையை அவிழ்த்துவிடுகிற படம் வேறு எது?

குறைகளும் உண்டு. விஜய் சேதுபதி வருகிற பகுதிகள் சில எனக்கு ஒட்டவில்லை. கிழவரின் நிலத்திலிருந்து படம் மேலே கிளம்பிவிடுகிறது. இரண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். பிள்ளைகள் பாதியில் நித்திரையாகிவிடுவார்கள். பாயில் நித்திரையான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத் தாய்மார் இடையிலே எழும்புவார்கள், ஒருவர் எழும்பினால் நாலு பேர் எழும்புவார்கள். கூத்தை விடியவிடியப் பார்த்த சனம் பொறுக்கும் என்று மேலே சொன்னேன்தான். ஆனால் கூத்துக்குத் திருவிழா என்ற பிடிப்பு இருந்தது. புறொஜெக்டருக்கு அந்தப் பிடிப்பு இன்னும் வரவில்லை.

மற்றப் பெயர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'மெய்யழகன்' (2024) கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலமாக வெளிவந்து, பிறகு பதினெட்டு நிமிடமளவில் குறைக்கப்பட்ட படம். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து ஊரை விட்டுப் போனவர் பல வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு வருகிறார். ஒரு சொந்தக்காரர் ஒட்டிக்கொள்கிறார், ஆனால் அவர் பெயர் இவருக்கு ஞாபகமில்லை. ஆகஸ்ட் மாதம் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்து, "அண்ணை எப்பிடி சுகம்?" என்று பெயர் சொல்லாமல் சமாளிக்கிறவர்களை வைத்துக்கொண்டு இதைப் போட வேண்டும் என்று எனக்குக் குறும்பான ஆசை இருக்கிறது. வீட்டைத் திரும்பிப் பார்க்கிற ஏக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு, அதைக் குண்டுச் சத்தம் இல்லாமல் தொடுகிற படம். ஆனால் அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவு முழுக்கக் கதைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஸ்பீக்கரில் அந்தப் பேச்சு குழைந்தால் படமே இல்லை. மண்டபத்துக்குள் போட வேண்டியது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இளந்தாரிகளின் தெரிவு. பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறிச் சென்னைக்குப் போகிற இலங்கைக் குடும்பம், பேச்சை ஒளித்துக்கொண்டு வாழப் பார்க்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் தமிழைப் பேசப் பார்த்திருக்கிறார்கள், சில இடத்தில் பேசியும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பேச்சைப் பெரிய திரையில் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்காகவே போடலாம். என் மனத்தில் இருக்கிற முள் வேறு. 2022 இல் மன்னார்ப் பக்கத்தால் தனுஷ்கோடிக்குப் போன குடும்பங்களை மண்டபம் அகதி முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். படத்துக் குடும்பத்துக்குக் கிடைத்தது அன்பான ஒரு குடியிருப்பு. அயலவர் எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற அந்தத் தெருவைப் பார்த்து எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் எரிச்சல். இரண்டும் சேர்ந்தே வந்தன.

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்று ரீச்சர் ஒரு பெயர் தந்தார். ஒஸ்கார் வாங்கிய ஆவணப்படம், நாற்பது நிமிடமளவு, முதுமலையில் அநாதை யானைக் குட்டிகளை வளர்க்கிற பொம்மனும் பெள்ளியும், தமிழில் பேசுகிறார்கள். அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் தென்னம்பிள்ளை வைத்து யானையிடம் பறிகொடுத்தவர்கள் மத்தியில் இதைப் போட்டால் என்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள். நான் அதைப் பார்க்க விரும்புகிறேன், பெரிய படத்துக்கு முன்னால் துணைப் படமாக. காட்டுக்குள் அன்பாகக் குளிப்பாட்டுகிற யானையையும், இரவில் வேலியைப் பிடுங்கிக்கொண்டு வருகிற யானையையும் ஒன்றாய் நினைக்க வேண்டி வரும். அதற்கு உரிமை கேட்டு எழுத வேண்டும். கட்டணம் வாங்காத திரையிடல் என்றாலும் எல்லாப் படத்துக்கும் கேட்டுவிட்டுப் போடுவதே முறை, நிர்வாகம் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு அக்கா, "படம் எதுக்கு, சீரியலைப் பெரிசாப் போட்டா எல்லாரும் வருவினம்" என்றார். பகிடியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண் பிள்ளைகளின் தகப்பன் பட்ட பாட்டை இன்றைக்கும் சொந்தக்காரரின் கதை மாதிரிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 'எதிர்நீச்சல்' ஓடிய நாளில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனைத் திட்டாத வீடு குறைவு. 2023 செப்ரெம்பரில் அவர் இறந்தபோது, திட்டிய அதே வீடுகளில் கவலைப்பட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தனியே இருக்கிற அம்மாவுக்கு இரவில் பழகிய குரல் கேட்கிறது என்பது சின்ன உதவியில்லை. படத்தோடு வைத்து அதைத் தாழ்த்திப் பேச மாட்டேன். ஆனால் சீரியலை அவரவர் வீட்டில் பார்க்கலாம், நாளைக்கும் வரும். முற்றத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட வீட்டில் கிடைக்காத ஒன்று வேண்டும். சீரியல் நேரத்தோடு மோதாமல் படத்தைத் தொடங்குவது பற்றி மட்டும் அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, 'காக்கா முட்டை'க்கும் 'கடைசி விவசாயி'க்கும் இடையில்தான் உண்மையான போட்டி. என் மனம் எங்கே நிற்கிறது என்று மறைக்கவில்லை. ஆனாலும் ஏப்ரலுக்கு 'காக்கா முட்டை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை, பாய் நிறையப் பிள்ளைகள் வருவார்கள், முதல் இரவில் அவர்கள் சிரித்தால் அடுத்த முறை பெற்றோரை இழுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஷெல்லடி இல்லை என்று பெரியம்மாவிடம் சொல்லியாயிற்று. அந்த நேரம் சிறுபோகக் (கோடை நெல்) கூட்டமும் விதைப்புமாக வயல்காரர் ஓடித் திரிவார்கள், 'கடைசி விவசாயி'யைப் பார்க்க வேண்டிய ஆட்களே வர மாட்டார்கள். அது காலபோக அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் காசும் மனத்தில் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற மாசி பங்குனியில் வரட்டும். நடுவில் ஒக்ரோபரிலிருந்து மழை, முற்றத்தில் ஒன்றும் நடக்காது.

இளந்தாரிகள் விடவில்லை. 'டூரிஸ்ட் ஃபேமிலி' அவர்களுக்கு மே மாதம் என்று பேசி முடித்தோம். கதிரை அடுக்குவதும், ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றுவதும், விடியக் காலமை முற்றத்தில் கிடக்கும் கச்சான் கோதைக் கூட்டி அள்ளுவதும் அவர்கள் பொறுப்பு. கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.